எச்சரிக்கை வந்து சேர்ந்த பிறகு

1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் போயிங் 727, வர்ஜீனியாவில் மவுண்ட் வெதர் மலையில் மோதியது. அதில் இருந்த 92 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தரையிறங்க அனுமதி கிடைத்ததுமே 1,800 அடி வரை இறங்கிவிடலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். மலையைத் தாண்டும்வரை உயரத்தை விமானிகளே பார்த்துக்கொள்வார்கள் என்று கட்டுப்பாட்டு அறை நினைத்தது. விபத்துக்கு ஆறு வாரம் முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே குழப்பத்தால், மயிரிழையில் தப்பியிருந்தது என்பது விசாரணையில் தெரியவந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்கு அது போய்ச் சேரவில்லை.

இன்று உலகெங்கும் உள்ள பாதுகாப்புச் சம்பவ அறிக்கை முறைகளில் பலவற்றுக்கு இந்த விபத்துதான் பிள்ளையார் சுழி. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, 1975-இல் 'தவறு நேர்ந்தால் எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ளவரிடமே போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்ள யாருக்குத் துணிவு வரும்? அடுத்த ஆண்டே அந்தப் பொறுப்பு நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. நாசாவுக்கு விமானம் பற்றித் தெரியும். விமானியைத் தண்டிக்கத்தான் அதிகாரம் இல்லை. இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய தகுதி வேறில்லை.

ஏற்பாடு எளிமையானது. படிவத்தில் பெயர் எழுதிய துண்டு மட்டும் கிழிக்கப்பட்டு, தேதி முத்திரையோடு அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். மீதியிலிருந்து அடையாளங்கள் நீக்கப்படும். வேண்டுமென்றே செய்யாத விதிமீறலை 10 நாட்களுக்குள் சொல்லிவிட்டால், பின்னால் அது வேறு வழியில் தெரியவந்தாலும் தண்டனை விலக்கு உண்டு. விபத்துக்கும் குற்றச்செயலுக்கும் இந்தச் சலுகை கிடையாது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்திருக்கின்றன.

பயம் போனால் வாய் திறக்கும் என்பதற்கு டென்மார்க் இன்னும் பளிச்சென்ற சான்று. அங்கே 2001-இல் ஒரு சட்டம் வந்தது: சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும், சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது, பெயரை வெளியிடக் கூடாது. அதுவரை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களிடமிருந்து ஆண்டுக்குப் பதினைந்து அறிக்கை வந்தாலே அதிகம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே 900-ஐத் தாண்டியது. டேனிஷ் வானம் ஒரே ஆண்டில் அறுபது மடங்கு ஆபத்தானதாகிவிடவில்லை. அதுவரை அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆனால், சொல்வதிலும் அரைகுறை உண்டு. 2018 அக்டோபர் 28 இரவு, பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்த லயன் ஏர் 737 மேக்ஸ் விமானத்தின் மூக்கு தானாகவே கீழே சாய்ந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டுக் கோலின் எச்சரிக்கை அதிர்வு பயணம் முழுவதும் ஓயவில்லை. வால்சிறகைத் தானாக அசைக்கும் மின்சாரத்தைத் துண்டித்து, அதன் சக்கரத்தைக் கையால் சுழற்றித்தான் விமானிகள் ஊர் சேர்த்தார்கள். இறங்கியபின் பராமரிப்புப் பதிவேட்டில் வேகமானியும் உயரமானியும் முரண்படுவதாக எழுதினார்கள். கோல் அதிர்ந்ததும் மின்சாரத்தைத் துண்டித்ததும் அதில் இல்லை. பொறியாளர்கள் எழுதியிருந்ததற்கு மட்டும் வைத்தியம் பார்த்தார்கள். மறுநாள் காலை அதே விமானம் ஜாவா கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். முதன்மைக் காரணங்கள் போயிங்கின் வடிவமைப்பிலும் பழுதான உணரியிலும் இருந்தன. ஆனாலும், ஜகார்த்தாவில் அந்த இரவில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்க வைக்கும் வரி பதிவேட்டில் இல்லை.

தாமதமும் அப்படித்தான். 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று, ஓடுபாதை என்று நினைத்து, நான்கு விமானங்கள் வரிசையில் நின்ற இணைப்புப் பாதையில் இறங்கப் போனது. தரையிலிருந்து சுமார் 60 அடியில்தான் அது மேலெழும்பியது. சம்பவத்தின் கனம் நிறுவனத்தின் மேலிடத்துக்கு உறைப்பதற்குள் விமானம் மறுபடி பறந்துவிட்டது. காக்பிட் ஒலிப்பதிவு அழிந்து, அதன்மேல் புதிய பதிவு ஏறிவிட்டது. இரண்டு மணி நேரப் பதிவை 25 மணி நேரமாக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இத்தகைய இழப்புகளே வலு சேர்த்தன.

இத்தனை குறை இருந்தும், சொல்பவரைக் காக்கும் பாதி ஓரளவு தீர்ந்துவிட்ட பிரச்சினை. சிக்கல் மறுபாதியில் இருக்கிறது. கேட்டவர் என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதில் விதிகள் வெட்கப்படும் அளவுக்கு மென்மையானவை.

2001 ஜனவரியில் ஜப்பான் வானில் இரண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்கள் மோதலின் விளிம்புவரை வந்தன. மோதல் தவிர்ப்புக் கருவி ஒரு விமானத்தை 'மேலே போ' என்றது. கட்டுப்பாட்டாளர் 'கீழே இறங்கு' என்றார். விமானி கட்டுப்பாட்டாளர் சொல்லைக் கேட்டார். இதற்கு உலகளாவிய தெளிவு வேண்டும் என்று ஜப்பான் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ-விடம் கேட்டது. பதினேழு மாதம் கழித்து, 2002 ஜூலை 1 அன்று, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் வானில் அதே முரண்பாடு 71 உயிர்களைக் கொண்டுபோனது. கருவி சொல்வதையே விமானி பின்பற்ற வேண்டும் என்று ஐசிஏஓ விதியை இறுக்கியது அதற்குப் பிறகுதான். ஜப்பான் சம்பவத்தில் தவறிய கட்டுப்பாட்டாளர்கள் மட்டும் நீதிமன்றத்தில் குற்றவாளிகளானார்கள். 2010-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தன் கை நழுவியவருக்குத் தண்டனை உண்டு. வந்த எச்சரிக்கையைக் கிடப்பில் போட்டவருக்கு ஒரு நோட்டீஸ்கூட இல்லை.

வாஷிங்டனில் 2025 ஜனவரி 29 இரவு நடந்தது இதைவிட மோசம். ரீகன் விமான நிலையத்தில் இறங்க வந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் போட்டோமாக் ஆற்றின் மேல் மோதி 67 பேர் இறந்தார்கள். விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி பழைய தரவுகளைத் தோண்டியபோது எண்கள் கொட்டின. 2021 அக்டோபரிலிருந்து 2024 டிசம்பர் வரை, பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் ஒன்றையொன்று நெருங்கிய 15,214 நிகழ்வுகள். அவற்றில் 85 மிக மிக நெருக்கம். 2011 முதலே மாதம் ஒரு முறையாவது ஏதோ ஒரு விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி ஹெலிகாப்டரால் அலறியிருக்கிறது. வரைபடத்தில் இருந்த பாதையின்படியே பறந்தாலும், ஓரிடத்தில் இரண்டுக்கும் நடுவே 75 அடிதான் மிஞ்சும்.

1974-இல் செய்தி பரவவில்லை என்று சமாதானம் சொல்லலாம். 2025-இல் அப்படிச் சொல்ல முடியாது. விமானிகள் எழுதியிருந்தார்கள், கருவிகள் பதிந்திருந்தன, எல்லாம் எஃப்ஏஏவின் கையிலேயே இருந்தன. ஹெலிகாப்டர் பாதையின் அந்தப் பகுதியை மூடச் சில வாரம் போதும் என்பது விபத்துக்குப் பிறகு நிரூபணமானது. அறிக்கைகளின் எண்ணிக்கையைக் காட்டிப் பாதுகாப்புப் பண்பாடு வளர்ந்துவிட்டதாகப் பெருமைப்படும் நிறுவனங்களுக்கு இந்த 15,214 பெரிய சங்கடம்.

ஐரோப்பா ஒரு படி முன்னே போயிருக்கிறது. அதன் 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஊழியர் 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். உண்மையான ஆபத்து தெரிந்தால், முதற்கட்ட ஆய்வு முடிவை நிறுவனம் 30 நாட்களுக்குள் அதிகாரிகளிடம் தர வேண்டும். இறுதி முடிவு, பொதுவாக மூன்று மாதத்துக்குள். கேட்பவருக்கும் கெடு வைத்தது நல்ல யோசனை. ஆனால் கெடு ஆய்வுக்குத்தான். ஆய்வு சொன்ன திருத்தம் நடந்ததா என்பதற்கு அதே கறார் இல்லை. கோப்பை மூடுவதும் ஓட்டையை அடைப்பதும் ஒன்றாகிவிடும் அபாயம் அங்கே இருக்கிறது.

இந்தியாவில் முதல் பாதியே இன்னும் தள்ளாடுகிறது. 2018 அக்டோபரில் திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், 136 பேருடன், நிலையத்தின் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டே மேலேறியது. கட்டுப்பாட்டு அறை சந்தேகத்தைச் சொன்னது. கருவிகள் இயல்பாக இருப்பதாக விமானிகள் பதில் தந்தார்கள். சுமார் நான்கு மணி நேரம் பறந்து, கடைசியில் அது மும்பையில் இறங்கியது. உடனே நடந்தது வழக்கமானதுதான்: விமானிகள் இருவரும் பணிப்பட்டியலிலிருந்து நீக்கம். கேப்டனின் இருக்கைச் சாய்வு ஓட்டத்தின் நடுவே பின்னால் சரிந்ததும், அவர் கையோடு உந்துவிசை நெம்புகோலும் பின்னுக்கு வந்ததும், அதை இருவருமே கவனிக்காததும் விசாரணையில்தான் தெரிந்தன. சம்பவம் என்றாலே முதலில் பணிப்பட்டியலிலிருந்து பெயர் போகும் என்று கண்ட ஊழியர், அடுத்த முறை இருக்கை லேசாக ஆடினால் எழுதித் தருவாரா?

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 260 பேர் இறந்த ஏர் இந்தியா விபத்தின் முதற்கட்ட அறிக்கை, எரிபொருள் சுவிட்சுகள் 'கட்ஆஃப்' நிலைக்குப் போனதைச் சொன்னது. யார் பேசியது என்று குறிக்காமல் காக்பிட் உரையாடலின் ஒரு துணுக்கையும் வைத்தது. தொலைக்காட்சிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. விமானி மேல் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பத்தி உண்டு. அந்த வகைச் சுவிட்சுகளின் பூட்டு அமைப்பைப் பரிசோதிக்கும்படி எஃப்ஏஏ 2018 டிசம்பரில் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தது. அது ஆலோசனைதான், கட்டாயமல்ல என்பதால் ஏர் இந்தியா அந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை. விபத்துக்குப் பின் இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்காற்று அமைப்பான டிஜிசிஏ அதைக் கட்டாயமாக்கியது. சோதித்ததில் பூட்டு அமைப்பில் குறை எதுவும் தென்படவில்லை என்று ஏர் இந்தியா சொன்னது. விபத்துக்கும் அந்தக் குறிப்புக்கும் தொடர்பு இருப்பதாக இதுவரை யாரும் நிறுவவில்லை.

தொடர்பு இல்லாமலேகூடப் போகட்டும். ஆறரை ஆண்டுகள் கிடந்த குறிப்பை ஒரு வாரத்தில் சோதித்து முடிக்க முடியும் என்றால், 'ஆலோசனை' என்ற தட்டில் இப்படி எத்தனை காகிதம் கிடக்கிறது என்று கேட்கலாம். பாதுகாப்புப் பரிந்துரை பெற்ற நாடு 90 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று ஐசிஏஓவின் 13-ஆம் இணைப்பு கேட்கிறது. செய்யவில்லை என்றால் காரணத்தையும் கேட்கிறது. இந்தப் பதில்களை ஊரறிய வெளியிட இந்தியாவுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. விபத்தை விசாரிக்கும் ஏஏஐபியும், விசாரணையில் குறை கண்டுபிடிக்கப்படக்கூடிய டிஜிசிஏவும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருப்பதை மாற்றத்தான் சட்டம் வேண்டும். அது நடக்க ஆண்டுகள் ஆகலாம். எந்தப் பரிந்துரை, எந்தத் தேதி, யார் மேஜையில், ஏன் நிற்கிறது என்ற பட்டியலை அடுத்த மாதமே இணையத்தில் ஏற்றலாம்.