எண்ணும் உழைப்பும்: இரும்பு-60 பற்றிய ஒரு குறிப்பு

கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானிகளின் அரைவாழ்வுக் காலங்களை இன்று பலரும் இணைய அட்டவணைகளிலேயே தேடுகின்றனர். அங்குள்ள எண்ணை இயற்கை எழுதிய தீர்ப்பாகக் கொள்ளும் போக்கே இங்கு எமது விமர்சனத்துக்குரியது.

இரும்பு-60 இதற்குத் தக்க சான்றாகும். 1984இல் அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என அளவிடப்பட்டது. கால் நூற்றாண்டுக் காலம் அவ்வெண்ணே வழக்கிலிருந்தது. ஆழ்கடற் படிவுகளில் விண்மீன் வெடிப்பின் தடயங்களைக் கணித்தோரும் அதனையே ஆதாரமாகக் கொண்டனர். 2009இல் மியூனிக் ஆய்வாளர் வெளியிட்ட அளவீடோ ஏறத்தாழ 26 இலட்சம் ஆண்டுகள் எனக் காட்டிற்று. 2015இல் வேறொரு முறையிற் பெறப்பட்ட 25 இலட்சமும் அதற்கு இசைவானதே.

முன்னைய ஆய்வாளரை நாம் குறைகூறவில்லை. அணுக்களை எண்ணுதல், சிதைவு வீதத்தை அளத்தல் ஆகிய கடின உழைப்பின் விளைபொருளே அரைவாழ்வுக் காலம். ஆனால், நூறு அட்டவணைகள் பிரதிசெய்தமையால் ஓர் அளவீடு நூறு சான்றுகளாகிவிடாது. உழைப்பை மறைத்து எண்ணை மட்டும் காட்டும்போது, சந்தையிற் பண்டம் பெறும் மாயத்தன்மையை எண்ணும் பெற்றுவிடுகின்றது. அளந்தவர், ஆண்டு, முறை, வழுவெல்லை ஆகியவற்றைக் கூறும் அட்டவணையே ஆய்வுக்கு உதவும். அவற்றைக் கூறாதது, எத்துணை வசதியானதாயினும், ஆதாரமாகாது.