மூன்றும் நான்கும் ஐந்து

மூன்றும் நான்கும் ஏழு என்பது கடைக் கணக்கு. விசைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே திசையில் 7, எதிரெதிரே 1, செங்குத்தாக நின்றால் 5. ஆனால் இதைவிட அழகு, விசை போல அளவும் திசையும் கொண்ட ஒரு வெக்டரைக் கூறுகளாகப் பிரிப்பதுதான்.

மைதானத்து உருளையைப் பாருங்கள். தரையோடு 30 பாகை சாய்ந்த கைப்பிடியை 200 நியூட்டன் விசையில் இழுத்தால், கிடைக்கூறு சுமார் 173 உருளையை முன்னே நகர்த்தும். செங்குத்துக் கூறு 100. (200-இலிருந்து 173-ஐக் கழித்து 27 என்று எழுதுகிறவர்கள் உண்டு!) அந்த 100 உருளையைச் சற்றே மேலே தூக்கிக் கொடுப்பதால், தரை மீதான அழுத்தம் குறைகிறது. தள்ளினாலோ அதே 100 கீழே அழுத்தும். இழுப்பது எளிது என்பதன் ரகசியம் இதுதான்.

பிள்ளைகளுக்கு சைன், கொசைன் சொல்லித்தரும் முன் அளவுகோலையும் பாகைமானியையும் கொடுத்து இந்தக் கூறுகளை வரைந்து அளக்கச் சொல்லுங்கள்.