கராஜ் பேச்சும் கைநூல் பரிபாஷையும்

உப்புக்காற்று இரும்பை ஓயாமல் தின்கின்ற திருகோணமலையில், உட்துறைமுகத்தை ஒட்டிய வீதிகளிலும் சீனக்குடாப் பக்கத்திலும், அரை நூற்றாண்டைத் தாண்டிய மொறிஸ் மைனரையோ ஒஸ்டினையோ கறல் ஏறவிடாமல் காத்து ஓட்டிவருகின்ற அபிமானிகளின் சம்பாஷணையைச் சற்றுச் செவிமடுப்பவர், அதில் இருவேறு சொல்வழக்குகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருப்பதை எளிதில் உணர்வார். ஒன்று கராஜிலே பாஸ்மாரின் வாயில் வளர்ந்த கொச்சை. மற்றது உற்பத்தியாளரின் கைநூலிலும் உதிரிப்பாகப் பட்டியலிலும் அச்சேறிய பரிபாஷை. பின்னையதே சுத்தம், முன்னையது அறியாமை என்று தீர்ப்புக் கூறுவது படித்த அபிமானிகளிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. அத்தீர்ப்பில் பாதி நியாயந்தான் உண்டென்பது என் அபிப்பிராயம். (கைவினைஞரைக் குறிக்கும் ‘பாஸ்’ என்ற சொல்லும் இங்குள்ள ஒஸ்டன்பேர்க் கோட்டையைப் போலவே ஒல்லாந்தர் விட்டுச்சென்றது, கோட்டை சிதைந்துவிட்டது, சொல் இன்னும் வேலை செய்கிறது.)

கொச்சையென்று தள்ளப்படுகின்ற சொற்கள் சில, ஆராய்ந்து பார்க்குமிடத்து, பரிபாஷை கைவிட்ட பழஞ்சொற்களே. பின்பெட்டியை நாம் ‘டிக்கி’ என்கிறோம். பழைய இரட்டை ஆசனக் கார்களின் பின்புறத்தில், மூடியைத் திறந்தால் விரிகின்ற மேலதிக ஆசனத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே அது. ஆசனம் வழக்கொழிந்து அவ்விடம் சாமான் வைக்கும் பெட்டியானபோது, அவர்கள் கைவிட்ட பெயரை நம்மவர் காப்பாற்றிக்கொண்டனர்.

விளையாட்டுக் கார்களின் உலகத்தில் கொச்சைக்கு ஆதரவாக இதனினும் சிறந்த உதாரணம் கிடைக்கிறது. 1958இல் வெளிவந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்ற சிறு வண்டியை, பொனட்டின் மேல் துருத்தி நின்ற அதன் விளக்குகளைக் கண்டு ஆங்கிலேயர் ‘தவளைக்கண்’ என்றும், அமெரிக்கர் ‘பூச்சிக்கண்’ என்றும் அழைத்தனர். 1961இல் வந்த இரண்டாம் வடிவத்தில் விளக்குகள் முன்புற மட்கார்ட்டுகளுக்கு இடம்பெயர்ந்துவிட்டமையால், அந்தக் கேலிப்பெயர் முதல் வடிவம் ஒன்றையே ஐயமின்றிச் சுட்டுகிறது. ‘ஸ்பிரைட்’ என்ற உத்தியோகப் பெயர் மட்டும் அவ்வளவு தெளிவைத் தருவதில்லை. அந்தத் தவளைக்கண்ணுக்கு உயிர் கொடுத்ததும் மொறிஸ் மைனர் 1000இல் இருந்த 948 சீசீ ஏ-தொடர் எஞ்சினே. ஆதலால் மைனரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பாஸ், தாம் கண்ணாற் காணாத ஒரு விளையாட்டுக் காரையும் பெரும்பாலும் அறிந்தவரே.

ஆயினும் கொச்சைக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை ‘ஏ போர்ட்டி’ என்ற பேச்சு அளவுக்கு வேறெதுவும் வெளிப்படுத்துவதில்லை. 1947இன் டெவன், 1952இன் சொமசெற், 1954இன் கேம்பிரிட்ஜ், ஜென்சன் நிறுவனம் உடல் கட்டிக்கொடுத்த விளையாட்டு வடிவம், 1958இல் தொடங்கிய ஃபரீனா ஆகிய அத்தனைக்கும் ஒஸ்டின் நிறுவனமே ஏ40 என்று பெயரிட்டுவிட்டது. இவற்றுள் ஃபரீனாவில் தொடக்கத்தில் இருந்தது சிறிய 948 சீசீ எஞ்சின். மற்றவற்றில் 1200 சீசீ. ‘ஏ போர்ட்டிக்கு ஹெட் கஸ்கெற்’ என்று மட்டும் சொல்லியனுப்பினால் எது வருமென்று பிரமதேவனுக்கும் தெரியாது. இங்கே குற்றம் கராஜினுடையதன்று, பெயர் வைத்தவர்களுடையது. ஆனால் விலை கொடுக்கிறவன் காருக்குரியவன்.

இலக்கத்தகட்டை வைத்து வயதைச் சொல்லும் வழக்கமும் இத்தகையதே. 1958இல் தமிழர் தார் பூசி எதிர்த்த அதே சிங்கள ஸ்ரீ எழுத்து, இன்று ‘ஸ்ரீ நம்பர் கார்’ என்று பெருமையோடு பேசப்படுவது காலத்தின் விநோதம். ஆனால் தகடு கூறுவது பதிவான காலத்தையேயன்றி உற்பத்தியான ஆண்டையன்று. வாங்குகிறவர் சட்டகத்தில் பொறித்த இலக்கத்தைத் தேடுவதே உசிதம்.

பரிபாஷைப் பிரியர்களின் பிடிவாதமோ வேறு வகை. 1930க்குப் பிற்பட்ட எதையும் ‘விண்டேஜ்’ என்று சொல்லலாகாதென்று இங்கிலாந்துச் சங்கத்தார் வகுத்த வரம்பைக் கொண்டு, தன் தந்தையின் மைனரை ஆசையோடு அவ்வாறு அழைப்பவனைச் சபையில் திருத்துவதால் யாருக்கு என்ன லாபம்? கைநூலுக்கு எட்டாத அறிவும் உண்டு: பொருளாதாரத் தடைக்காலத்து யாழ்ப்பாணத்தில், காபரேட்டரில் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, மண்ணெண்ணெயில் ஏ40களை ஓட்டிய வித்தை எந்தக் கைநூலிலும் எழுதப்பட்டதன்று.

எனினும் கடல்கடந்து பாகம் தருவிக்கும்போது பரிபாஷையின்றிக் கதியில்லை. நமக்கும் ஆங்கிலேயருக்கும் ‘ஹூட்’ என்பது மடித்துவைக்கும் துணிக்கூரை. வட அமெரிக்காவிலோ அது பொனட். ரொறன்ரோவிலிருக்கும் உறவினருக்கு ‘ஹூட் ஒன்று அனுப்பு’ என்று எழுதுகிறவர், பட்டியலிலுள்ள பாக இலக்கத்தையும் சேர்த்தெழுதக் கடவர்; பாஸ் சொன்ன பெயரையும் பக்கத்தில் குறித்துவைப்பது நலம், வந்த சாமானைப் பூட்டப்போகிறவர் அவரே.