கண்கட்டும் கணிதமும்: டேக்கார்ட்டின் ஐயமும் பரோக் கலையும்

ஐரோப்பிய மெய்யியல் வரலாற்றைப் படிக்கும் நம்மவர் பலரிடம் ஒரு கருத்து ஊறிப்போயிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் மெய்யியல் அறிவின் பக்கம் போயிற்று. அதே காலத்தில் தேவாலயங்களிலும் நாடக அரங்குகளிலும் செழித்த பரோக் கலை ஆடம்பரத்தின் பக்கம் போயிற்று. இரண்டுக்கும் ஒட்டுறவில்லை என்பதே அது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் இந்தப் பிரிப்பு நிலைக்காது என்றே எனக்குப் படுகிறது.

ஸ்பானிய நாடகாசிரியர் கல்டெரோனின் ‘வாழ்க்கை ஒரு கனவு’ 1636இல் அச்சேறியது. கோபுரமொன்றில் சிறைவைக்கப்பட்ட போலந்து இளவரசன் மயக்கமருந்து கொடுக்கப்பட்டு அரண்மனைக்குக் கொண்டுவரப்படுகிறான். அங்கே அவன் மூர்க்கமாக நடக்கவே மீண்டும் சிறை. கண்டதெல்லாம் கனவு என்று சொல்லிவிடுகிறார்கள். மறு ஆண்டில் டேக்கார்ட்டின் ‘முறை பற்றிய உரை’ வெளிவந்தது. விழிப்பில் வரும் எண்ணங்கள் உறக்கத்திலும் வருகின்றனவே, எதை நம்புவது என்ற கேள்வி அதிலும் உண்டு. 1641இன் ‘தியானங்கள்’ நூலில் இந்த ஐயம் வளர்ந்து, நம்மை ஏமாற்றுவதிலேயே கண்ணாயிருக்கும் தீயசக்தியாக உருவெடுக்கிறது. ஒருவரை ஒருவர் படித்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. காலத்தின் கேள்வி இருவர் வாசலிலும் வந்து நின்றது.

ஆனால், கனவு பற்றிய ஐயம் புதிதல்ல. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி ‘அல்முன்கித்’ நூலில் புலன்களை ஐயுற்றுக் கனவையே எடுத்துக்காட்டாக வைத்தார். தம்மை மீட்டது வாதமல்ல, இறைவன் உள்ளத்தில் இட்ட ஒளியே என்றார். அப்படியாயின் 17ஆம் நூற்றாண்டு புதிதாகச் சேர்த்தது என்ன? மயக்கத்துக்கும் ஒரு கணிதம் உண்டு என்ற தெளிவையே என்பேன்.

‘முறை பற்றிய உரை’யோடு சேர்ந்து வந்த ஒளியியல் கட்டுரையில் டேக்கார்ட் சித்திரக்காரரிடம் பாடம் கேட்கிறார். செதுக்குச் சித்திரத்தில் வட்டத்தைக் காட்ட வட்டத்தைவிட நீள்வட்டமே பல வேளைகளில் பொருத்தமானது. ஆகவே ஒரு பொருளைக் காட்டும் உருவம் அப்பொருளைப் போலவே இருக்கவேண்டியதில்லை. காட்சி பற்றிய அவரது கொள்கைக்கு இந்தச் சிறு அவதானிப்பு முட்டுக்கொடுக்கிறது.

இக்கலையின் உச்சத்தைப் பின்னர் றோமில் காண்கிறோம். புனித இக்னேஷியஸ் தேவாலயத்துக்குக் குவிமாடம் கட்டப்படவில்லை. 1685இல் அந்திரேயா பொட்சோ தட்டையான பரப்பில் ஒரு குவிமாடத்தை வரைந்து அந்தக் குறையை மறைத்தார். தரையில் குறித்த இடத்தில் நின்றால் அது மெய்யான குவிமாடம், விலகினால் கோணிப்போகிறது. 1714இல் லைப்னிஸ், ஒரே நகரம் வெவ்வேறு திசையிலிருந்து பார்க்கையில் வெவ்வேறாகத் தோன்றுவதுபோல, ஒவ்வோர் உயிர்க்கூறும் தன் நிலையிலிருந்தே பிரபஞ்சத்தைப் பிரதிபலிக்கிறது என்று எழுதினார். பொட்சோவுக்குச் சரியான இடம் ஒன்றுதான். லைப்னிஸ் எல்லா இடங்களுக்கும் உரிமை தருகிறார்.

வேறுபாடுகளை மறைக்கவேண்டியதில்லை. பொட்சோ நம்மை மயக்கத்தில் நிறுத்திவைக்க விரும்புகிறார். டேக்கார்ட் வெளியேற வழி தேடி, ஐயுறும் ‘நான்’ இருப்பதை ஐயுற முடியாது என்ற இடத்தில் காலூன்றுகிறார். கல்டெரோனின் இளவரசனோ கனவாயினும் நன்மை செய்வது வீண்போகாது என்று தெளிகிறான். முன்னவர் தேடியது அறிவின் உறுதி; பின்னவன் கண்டது நடத்தையின் உறுதி. மெய்யியல் வரலாறுகள் முதலாவதை மட்டும் விடையாக எண்ணி, இரண்டாவதை நாடகப் பாடத்தோடு ஒதுக்கிவிடுகின்றன. அந்த ஒதுக்கல் நியாயமானதா என்பதை நாம் மறுபரிசீலனை செய்தாகவேண்டும்.