கண்மாய்க்கரையும் மேய்க்கால் புறம்போக்கும்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ள அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. குன்றுகள், சுனைகள், சமணர் படுகை, குடைவரைச் சிவன் கோயில், வல்லூறுகள் என்று 193 ஹெக்டேர். இரண்டே ஆண்டில், அந்த 193 ஹெக்டேரையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. அரசிதழ் அறிவிக்கையால் அதைத் தடுக்க முடியவில்லை. தடுத்தவர்கள் ஊர்மக்கள். கிராமசபைகள் தீர்மானம் போட்டன, 2024 டிசம்பரில் சட்டமன்றமும் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று சுற்றுவட்டாரமே திரண்டு மதுரையை நோக்கி நடந்தது. அதே மாதம் 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

பொதுநிலத்தை ஊரே காக்கும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று அண்மையில் கிடையாது. யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத நிலம் பாழாகியே தீரும் என்று 1968இல் காரட் ஹார்டின் எழுதியதைப் படித்து வளர்ந்த அதிகாரிகள் மேலூர்ப் பக்கம் ஒருமுறை போய்வர வேண்டும்.

இந்த ஒற்றுமை சில மாதப் போராட்டத்தில் முளைத்ததல்ல. அந்த வட்டாரத்தில் கண்மாயில் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். அதுவரை யாரும் வலை போடக்கூடாது. குறித்த நாளில் விடியும் முன்பே ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கரையில் வந்து நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் இறங்கிவிடுவார்கள். பிடித்த மீன் பிடித்தவருக்கு, விற்பனை கிடையாது. காவலாளி இல்லை, அபராதப் புத்தகமும் இல்லை. பொறுத்திருந்தால் எல்லாருக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் அந்தக் கண்மாயைக் காக்கிறது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்களே, அதுவும் இந்த வகைதான். எந்தச் சட்டமும் இவ்வளவு மலிவாக, இவ்வளவு காலம் ஒரு நிலத்தைக் காத்ததில்லை.

ஆனால் இந்த முறையை அப்படியே தூக்கி வைத்துக் கொண்டாட என் மனம் ஒப்பவில்லை. வெளியிலிருந்து வரும் ஆபத்தை ஊர் ஒன்றாக நின்று எதிர்க்கிறது. உள்ளிருந்தே நிலம் கரையும்போது பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

கோயில்காடுகளைப் பாருங்கள். சுள்ளி ஒடிக்கவும் அஞ்சிய காட்டில், வசதி வந்ததும் திருப்பணி தொடங்குகிறது. மண்குதிரைகள் நின்ற இடத்தில் கான்கிரீட் மண்டபம் எழும்புகிறது, வண்டி நிறுத்த ஒரு பக்கம் மரம் போகிறது, தரைக்கு டைல்ஸ் வருகிறது. சாமிக்காகக் காத்த காட்டைச் சாமியின் பேரிலேயே வெட்டுகிறார்கள். செய்பவர்களும் பக்தியோடுதான் செய்கிறார்கள். எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராதது அதனால்தான்.

இதைவிட ஆழமான குறை, ஊர் என்றால் யார் யார் என்பதில் இருக்கிறது. சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிக் கண்மாய்களை ஆய்ந்து டேவிட் மாஸ் 2003இல் ஒரு நூல் எழுதினார். நாம் கொண்டாடும் பழைய நீர்மேலாண்மை சாதிப் படிநிலையோடும் கோயில் முதல்மரியாதையோடும் பின்னிக்கிடந்தது என்பதை அதில் விரிவாகக் காட்டினார். மடை திறந்து வயல்வயலாகத் தண்ணீர் பாய்ச்சியவர் பல ஊர்களில் தலித்தாக இருந்தார். அந்த ஆயக்கட்டில் அவருக்கு நிலம் இருந்ததா என்று கேட்டால் பழம்பெருமை பேசுபவர்களிடம் பதில் இருக்காது.

கண்மாயாவது பிழைத்துக்கொள்ளும். அதை நம்பி நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஊரில் குரல் உண்டு. மேய்க்கால் புறம்போக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதை நம்பியிருப்பவர்கள் நான்கைந்து ஆடு வைத்திருக்கும் பெண்கள், விறகு பொறுக்குபவர்கள், கிடை போட வரும் கீதாரிகள். முன் இரு சாராரும் ஊர்க்கூட்டத்தில் உட்கார்வதில்லை, கீதாரிகள் அந்த ஊர்க்காரர்களே இல்லை. அந்த நிலம் ஓரத்தில் வரப்பு நகர்ந்து நகர்ந்து தென்னந்தோப்பாக மாறினால் யாரும் கொடி பிடிப்பதில்லை. மதுரைக்கு நடந்த கால்கள் அந்த வரப்பு வரை நடப்பதில்லை.

ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. நிலமற்றவர்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அரசு குத்தகைக்குக் கொடுத்த இடங்கள் போன்றவற்றுக்கு விலக்குத் தரலாம் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் எந்த ஆக்கிரமிப்பை முதலில் அகற்றுவது என்று உள்ளூர்ச் செல்வாக்கு முடிவு செய்தால், குடிசை போகும், தோப்பு நிற்கும்.

பொதுவளங்களை மக்களே ஆள முடியும் என்று நிறுவி 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரமை நம் சூழலியலாளர்கள் அடிக்கடி துணைக்கு அழைக்கிறார்கள். ஒரு விதியால் பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு அந்த விதியை மாற்றுவதில் பங்கு வேண்டும் என்று அவர் வைத்த நிபந்தனையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அந்த நிபந்தனை இல்லாவிட்டால் ஊர்க்கட்டுப்பாடு என்பது பெரிய கைகளின் கட்டுப்பாடுதான்.

அதற்காக ஊரின் கையிலிருந்து நிலத்தைப் பிடுங்கி வனத்துறையிடம் கொடுக்கச் சொல்லவில்லை. அரிட்டாபட்டியைக் காத்தது துறை அல்ல. கிராமசபையில் புறம்போக்கு பற்றிய எந்தத் தீர்மானத்துக்கும் முன்னால், அந்த நிலத்தில் யார் ஆடு மேய்க்கிறார், யார் விறகு எடுக்கிறார், எந்த மாதத்தில் எந்தக் கீதாரி கிடை போடுகிறார் என்ற பட்டியலை உரக்க வாசிக்க வேண்டும். அவர்களில் எவரும் வராத கூட்டத்தில் தீர்மானம் செல்லாது என்று விதி வேண்டும். புல எண்ணும் பரப்பும் போட்ட பலகை நிலத்தின் எல்லையிலேயே நிற்க வேண்டும், ஊராட்சி அலுவலகப் பீரோவுக்குள் இருந்தால் போதாது.