மேற்குத் தொடர்ச்சி மலை: உழுதவனும் காவலாளியும்

திரைப்படத்தைப் பற்றி இத்தகைய பக்கங்களில் எழுதுவது சிலருக்கு உவப்பாக இராது என்பதை அறிவேன். கொட்டகைக்குப் போவதையே குற்றமாகக் கருதிய வீடுகளில்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். எனினும் நாம் வாழும் பள்ளத்தாக்கையும், நம் கடைகளின் வழியே போன சரக்கையும், அதைத் தலையில் சுமந்து இறக்கிய மனிதனையும் பற்றி ஒரு படம் பேசும்போது, அதைப் பார்க்காமல் இருப்பதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டுவது எளிதான தப்பித்தலாகவே எனக்குப் படுகிறது.

லெனின் பாரதியின் முதல் படமான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018 ஆகஸ்ட் 24 அன்று வெளியானது. நடிகர் விஜய் சேதுபதி தயாரித்தார். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா இசையமைத்தார். பெருநகர விமரிசகர்கள் ‘கலைப்படம்’ என்று பாராட்டினார்கள். அந்தச் சொல்லில் மரியாதையும் உண்டு, ஒதுக்கலும் உண்டு. நான் இதைப் பார்த்தது கம்பம் கடைத்தெருவை ஒட்டிய ஒரு பழைய ஒற்றைத்திரை அரங்கில். பாதி இருக்கைகள் காலி. திரையில் வருவோரில் பலர் இப்பகுதியின் சாதாரண மக்கள். விசிலடிப்பதற்கு நட்சத்திரம் எவருமில்லை. ஆனால் மலைப்பாதை தெரிந்ததும் முன்வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. எந்த வளைவு, எந்தப் பாறை என்று தங்களுக்குள் தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். சென்னையின் குளிரூட்டிய அரங்குகளில் அமைதியாகப் பார்க்கப்பட்டிருக்கக்கூடிய காட்சிகள் இங்கே வாய்விட்டுப் படிக்கப்பட்டன.

கதை சிறியது. நிலமற்ற சுமைகூலியான ரங்கசாமி மலைமேல் உள்ள ஏலத் தோட்டங்களுக்கும் அடிவாரத்துக்கும் இடையே நடக்கிறான். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வேண்டும் என்பது அவன் ஆசை. படத்தின் முற்பகுதி முழுவதும் நடைதான். இருள் பிரியுமுன் கிளம்புவது, வழியில் சந்திப்பவரோடு இரண்டு வார்த்தை பேசுவது, மூச்சு வாங்க நின்று மறுபடியும் ஏறுவது. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு மலையை அழகுக்காட்சியாக ஆக்கிவிடவில்லை என்பதே அதன் சிறப்பு. அழகு தானாக வந்து நிற்கும்போதும் நம் கண் அந்த மனிதனின் கால்களை விட்டு விலகுவதில்லை. கிராமத்தைத் தமிழ்த்திரைக்குக் கொண்டுவந்த பெருமை அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜாவுக்கு உரியது; ஆனால் 1977இல் வந்த ‘16 வயதினிலே’ படத்தில் நாம் பார்த்த மண் பெரும்பாலும் கர்நாடகத்து மண். இங்கே மண்ணும் மனிதரும் ஒரே இடத்தவர்.

அரும்பாடுபட்டுச் சேர்த்த ஏலக்காய் மூட்டை சரிவில் விழுந்து சிதறும் காட்சியில் அரங்கே ‘ஐயோ’ என்றது. அந்த இழப்பிலும் அவன் ஓய்ந்துவிடவில்லை. நிலம் ஒருநாள் கைக்கு வருகிறது. பிறகு விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன், ஒரு கொலை, சிறை. திரும்பி வரும்போது நிலம் அவனுடையதாக இல்லை. கடைசியில் தான் உழுத மண்ணில் எழுந்துவிட்ட காற்றாலைக்கு அவனே காவலாளி. சீருடையோடு அவன் அமர்ந்திருக்க, காமிரா மேலே எழும்பிக்கொண்டே போகிறது. மனிதன் புள்ளியாகி மறைய, காற்றாலைகள் மட்டும் சுழல்கின்றன. தமிழகத்தில் காற்று பலமாக வீசும் கணவாய்களில் கம்பமும் ஒன்று என்பதைப் பாடநூலில் படித்த நாம், அந்தக் காற்றுக்கு யார் நிலம் கொடுத்தார்கள் என்று கேட்டதில்லை.

ஈரானின் தாரியூஷ் மெஹர்ஜுயி 1969இல் எடுத்த ‘பசு’ என் நினைவுக்கு வந்தது. தன் ஒரே பசுவை இழந்த ஹஸன், சித்தம் கலங்கித் தானே பசுவாகிப்போகிறான். அப்படத்தை இமாம் கொமைனி மெச்சியதும், புரட்சிக்குப் பின் அங்கே சினிமா பிழைத்ததற்கு ஒரு காரணம் என்பர். ஹஸனுக்குப் பைத்தியமாவது வாய்த்தது. ரங்கசாமிக்கு அதுவும் வாய்க்கவில்லை. தெளிந்த புத்தியோடு, மாதச் சம்பளத்துக்கு, தன் இழப்பை அவனே காவல் காக்க வேண்டியிருக்கிறது. இவ்விரண்டில் எது கொடிது என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

குறைகளும் உள்ளன. தொழிற்சங்கப் பகுதி அவசரமாக நகர்கிறது. அத்தனை நேரம் பொறுமையாக நடந்த படம் கொலைக்காகத் திடீரென ஓடத் தொடங்குகிறது. மனைவி ஈசுவரி சகிப்பின் உருவமாகவே நின்றுவிடுகிறாள். கணவன் சிறையிலிருந்த காலத்தில் நிலத்தை இழுத்துப்பிடிக்கப் போராடியவள் அவள்தான். அந்த ஆண்டுகளை இன்னும் விரிவாகக் காட்டியிருக்க வேண்டும்.

இந்தப் படம் நம்மை எங்கே நிறுத்துகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் ஏலத் தோட்டமும் வணிகமுமாக வாழ்ந்த ராவுத்தர் குடும்பங்கள் பல. தரும சிந்தையில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரால் 1956 முதல் நிற்கும் கல்லூரியே சான்று. உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலி கொடுப்பது பற்றிய நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம், கொடுத்தும் இருக்கிறோம். ஆனால் லெனின் பாரதியின் கேள்வி கூலியைப் பற்றியதே அல்ல. கூலி ஒழுங்காகக் கிடைத்த மனிதன் ஒரு தலைமுறை நடந்த பிறகும் ஏன் ஒரு துண்டு நிலத்தில் கால் ஊன்ற முடியவில்லை என்பதே அது. ஸகாத்தின் கணக்கேட்டில் இதற்கு ஒரு பத்தி இல்லை.

படம் முடிந்து வெளியே வந்தபோது, முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். படம் எப்படி என்று கேட்டேன்.

“சும்மாடு கட்டுனது சரி. எறங்கறப்ப முழங்கால் அப்படித்தான் நடுங்கும். அதுவும் சரிதான் பாய்” என்றார்.

தாமும் இருபது வருடம் சுமந்தவராம். எந்தத் தோட்டத்துக்கு என்று கேட்டேன். சொன்னார். அந்தக் குடும்பத்துத் திருமணத்தில் முந்தின மாதம்தான் பிரியாணி சாப்பிட்டு வந்திருந்தேன்.