கைதட்டிவிட்டு நகர்கிறோம்

எமர்ஜென்சி பற்றிப் பேச்சு வந்தாலே நீதிபதி எச்.ஆர். கன்னாவின் பெயரைச் சொல்லிக் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். இப்போது அந்தக் கைதட்டல் கூச்சமாக இருக்கிறது.

விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. சட்டவிரோதமாக ஒருவரின் உயிரையே பறித்தாலும் பரிகாரம் கிடையாதா என்று கேட்டார் கன்னா. நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்றார் அட்டர்னி ஜெனரல். இதைக் காதால் கேட்ட பிறகும், 1976 ஏப்ரல் 28 அன்று ஐவரில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். கைதிகளை அரசு கிட்டத்தட்டத் தாயைப்போலக் கவனித்துக்கொள்கிறது என்றுகூட எழுதினார் நீதிபதி பெக். பயம் இப்படித்தான் பொய்யை நல்ல மொழியில் எழுத வைக்கும்.

நால்வரில் ஒருவர் அப்போதே தலைமை நீதிபதி. மற்ற மூவரும் பின்னால் ஆனார்கள். கன்னா மட்டும் ஆகவில்லை. 1977-இல் அவரைத் தாண்டி பெக்கை நியமித்தார்கள். கன்னா பதவி விலகினார்.

நால்வரில் ஒருவரான பகவதி 2011-இல் தவறை ஒப்புக்கொண்டார். நல்ல விஷயம்தான். ஆனா உள்ளே கிடந்தவனுக்கு அது 1976-லதானே வேணும்?

கன்னாவை அபூர்வப் பிறவி ஆக்குவதில் நமக்கொரு வசதி இருக்கு. துணிச்சல் அபூர்வம் என்றாகிவிட்டால் நாம் சும்மா இருக்கலாம். அந்த ஒன்பது நீதிமன்றங்களிலும் துணிச்சல் அன்றாட வேலையாகத்தான் நடந்தது. அந்த நீதிபதிகளில் ஒருவர் பெயரையாவது சொல்லச் சொன்னால், நான் முழிப்பேன்.